ஜில்லா போர்டு ரயில்

மீட்டர் கேஜ் காலத்தில் திருத்துறைப்பூண்டிக்கோ முத்துப்பேட்டைக்கோ பாசஞ்சரில் போய்வந்தவர்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும்: தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, அட்டை டிக்கெட்டில் தேதி விழும்போது கேட்கும் ‘டக்’, நிற்காத வண்டியிலிருந்து கையை நீட்டி டோக்கன் வளையத்தை வாங்கிக்கொண்டு போகும் லாகவம், அதிராம்பட்டினம் நெருங்கும்போது ஜன்னல் வழியே வந்து உதட்டில் கரிக்கும் உப்புக்காற்று. இதுதான் வரலாறு என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கல்லூரிப் படிப்பின் மிடுக்கில் இருந்த எனக்கு வரலாறு என்றால் பானிபட். இந்த வண்டியோ, சென்னை நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள முடியாத ஓர் ஊர் மானக்கேடு.

தாத்தாவுக்கு அப்படியில்லை. “எங்கப்பா காசுல போட்ட ரயிலுடா இது” என்பார். நாலு மா நிலத்துக்குச் சொந்தக்காரர் ரயில் போட்டாராம்! “அப்ப நீங்க ஏன் தாத்தா டிக்கெட் எடுக்குறீங்க?” என்று கேட்டுவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு நூலகத்தில், வேறு எதையோ தேடப்போய், ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூர் ஜில்லா கெசட்டியரைப் புரட்டினேன். கிழவனையும் கடலையும் எழுதியவர் அல்ல. இவர் வெள்ளைக்கார அதிகாரி, புத்தகம் 1906-இல் வந்தது. ஜில்லா போர்டு நிலத்தின் மேல் ரயிலுக்கென்றே ஒரு செஸ் வரி போட்டு, சேர்ந்த பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை பாதை போட்டு 1894-இல் வண்டி விட்டது, பிறகு அதை அறந்தாங்கி வரை நீட்டியது என்ற விவரமெல்லாம் அந்த வகைப் புத்தகங்களில்தான் எனக்குக் கிடைத்தது. தாத்தா அடித்த ஜம்பம் அரசாங்கக் கணக்கில் ஏறியிருந்தது.

அதோடு விட்டதா? நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்தில் போட்ட பாதை முதலில் அகலப்பாதையாம். சிக்கனம் கருதி 1870-களில் அதை மீட்டர் கேஜாகச் சுருக்கினார்களாம். நாம் நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, மனுக் கொடுத்து, மறியல் செய்து, ‘நவீனம்’ என்று மாலை போட்டு வரவேற்றது, கொள்ளுத்தாத்தா காலத்தில் வேண்டாமென்று மாற்றிய அதே அகலத்தைத்தான்.

எங்கள் பக்கத்து மீட்டர் கேஜை 2012-இல் நிறுத்தியபோது நானும் கைதட்டியவன். ஏழு வருஷம் கழித்து அகலப்பாதையில் வண்டி வந்தது. கேட்டுகளில்தான் ஆள் இல்லை. ஆகவே கேட் கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், ஒருவர் இறங்கிப் போய் மூடுவார், வண்டி கடந்து மறுபடி நிற்கும், இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். திருவாரூரிலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மீட்டர் கேஜை மானக்கேடு என்று நினைத்த அந்தக் கல்லூரிப் பையனை இதில் ஏற்றி உட்கார வைத்திருக்க வேண்டும்.

வேகம் எல்லாம் புத்தகத்துக்குப் போய்விட்டது. அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுத்து, தும்மிக்கொண்டே புரட்டிய பழைய கெசட்டியர்கள் இப்போது செல்போனில் அரை நிமிஷத்தில் இறங்குகின்றன. கேட்டதோடு கேட்காத ஒன்றையும் தூசி தட்டி எடுத்துவந்து, “இதையும் பாருங்க சார்” என்று மேஜையில் வைத்த நூலக ஊழியர்தான் அதில் இறங்குவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது ‘இது எங்க ரயில்’ என்று சொன்னால், அவரிடம் டிக்கெட் கணக்குக் கேட்காதீர்கள். யார் நிலம், எவ்வளவு வரி என்று கேட்டு எழுதி வையுங்கள். கெசட்டியரில் வரி போட்ட போர்டின் பெயர் இருக்கிறது. கட்டியவர்கள் பெயர் இல்லை.