குத்தகைக்காரர் சாப்பிட வந்திருக்கிறார்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த ஆளை எங்கே வேண்டுமானாலும் விருந்துக்குக் கூட்டிப் போகலாம். தேக்கடி ஏரிக்கரைக்கு மட்டும் கூட்டிப் போகக் கூடாது. மற்றவர்களுக்கு அது ஏரி. யானை வரும், படகு போகும், கையில் இருப்பதைக் குரங்கு பிடுங்கும். கம்பத்துக்காரருக்கு அது வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அங்கே போனால் முதல் வேலையாக எட்டிப் பார்ப்பார், எவ்வளவு இருக்கிறது என்று.

என் சித்தப்பாவுக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் வயலும், அதை ஒட்டிக் கொஞ்சம் பன்னீர் திராட்சைப் பந்தலும் உண்டு. பேப்பர் வந்தால் தலைப்புச் செய்தியைப் பார்க்க மாட்டார். அணைகளின் நீர்மட்டம் என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போடுவார்களே, அங்கேதான் அவருடைய நாள் தொடங்கும். தேக்கடி ஏரியைத் தேக்கிவைத்திருக்கும் பெரியாறு அணை ஏறியிருந்தால் இரண்டாவது காபி. இறங்கியிருந்தால் வீட்டில் யாரும் அவரிடம் பணம் கேட்பதில்லை.

சித்தப்பா, சித்தியின் மணிவிழாவுக்குப் பரிசாக லேக் பேலஸில் ஒரு நாள் தங்கவைக்கலாம் என்பது என் மனைவியின் யோசனை. தேக்கடிப் படகுத்துறையிலிருந்து படகில் போய் இறங்க வேண்டிய இடம். எடப்பாளையம் என்று பெயர். திருவிதாங்கூர் மகாராஜாவின் கோடைக்கால மாளிகையாக இருந்தது, இப்போது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கையில் ஓட்டலாக இருக்கிறது. விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய அறைகள், ஓட்டுக் கூரை, நீளத் தாழ்வாரம், எதிரே தண்ணீர், அதற்கப்புறம் காடு. மூன்று வேளைச் சாப்பாடும் வாடகையிலேயே சேர்த்தி. இந்தக் கடைசி விவரத்தைச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாடகையை மூன்றால் வகுத்து, பிறகு தலைக்கு வகுத்து, “ஒரு தோசைக்கு என்னப்பா வருது?” என்று குமுளி வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

படகில் ஏறியதும் வெள்ளை வேட்டி சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். கட்சி மாறிய பிரமுகர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஏரி நடுவே கருத்த மொட்டை மரங்கள் நின்றன. 1895இல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிப்போன காட்டின் மிச்சம் அவை. மூழ்கி ஒரு நூற்றாண்டு தாண்டியும் விழாமல் நிற்கின்றன. உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. எல்லாரும் பறவையைப் படம் எடுத்தார்கள். சித்தப்பா மரத்தில் ஈரக்கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, “நூத்தி முப்பது சொச்சம் இருக்கும்” என்றார். சித்தி யானையைத் தேடினார். யானை அன்றைக்கு வேறு கரையில் இருந்தது போலும்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அந்த இடத்துக்கு ஒரு தனி அமைதி. இருட்டியபின் படகு கிடையாது. வந்தவர்கள் அங்கேயேதான். ராஜா இருந்த வீடு என்பதால் எல்லாரும் கொஞ்சம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தோம். பரிமாற வந்தவர் குமுளிக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே நாக்கில் புரளும் ஆள். “சார், ராத்திரிக்கு என்ன வேணும்?” என்றார்.

“இன்னைக்கு எத்தனை அடி தம்பி?”

நான் மேசைக்கு அடியில் காலை மிதித்தேன். ஆனால் அந்தத் தம்பி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. காலையில் இருந்த மட்டத்தைப் புள்ளி வைத்துச் சொன்னார். அவருக்கும் அது அன்றாடக் கணக்குதான். ஏரி இறங்கினால் படகுத்துறையும் கீழே போய்விடும். விருந்தாளியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் மேடு ஏற வேண்டும். ஒரே எண்ணை நம்பி மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் நாற்று விடுகிறார், அந்தப் பக்கம் ஒருவர் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்குகிறார். இரண்டு பேரும் அந்த நிமிடமே உறவாகிவிட்டார்கள். சாப்பாட்டை ஆர்டர் செய்யத்தான் ஆளில்லை.

முதலில் தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பாக, ரோஜா நிறத்தில். சித்தப்பா தம்ளரைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார்.

“என்னப்பா, நம்ம தண்ணிக்குச் சாயம் போட்டு நமக்கே குடுக்குறாங்க?”

பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சின வெந்நீர், கேரளத்தில் எந்தச் சாயாக்கடையிலும் இதுதான், உடம்புக்கு நல்லது என்று விளக்கினேன். உடம்புக்கு நல்லது என்று சொன்ன எதையும் அவர் வாழ்க்கையில் குடித்ததில்லை. சித்தி தன்னுடையதைக் குடித்துவிட்டு அவருடையதையும் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஆப்பமும் இஷ்டுவும் வந்தன. மட்டரிசிச் சோறு, மீன் மோளி, ஓலன், அவியல். அந்த மீன் மோளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவது பாவம். தேங்காய்ப்பால் நன்றாகக் குறுகி, பச்சைமிளகாய் வாசனை மட்டும் மேலே நின்று, மஞ்சள் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் நிறத்தில் இருந்தது. நானும் என் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டோம். கல்யாணமானதிலிருந்து இது அடிக்கடி நடப்பதில்லை.

சித்தப்பாவோ சரித்திரத்தில் இறங்கிவிட்டார். சுவரில் இருந்த பழைய படங்களைக் காட்டி, ராஜா இங்கே உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருப்பார் இல்லையா என்று தம்பி சொன்னதுதான் தப்பு.

“எந்த ஏரியை? வெள்ளைக்காரன் பென்னிகுயிக் வந்து அணை கட்டலேன்னா இங்க ஏது ஏரி? ராஜா காட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கணும்.”

வாதத்தில் ஓட்டை இல்லை. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் உண்டானதுதான் அந்த நீர்ப்பரப்பு. தேனியிலிருந்து ராமநாதபுரம்வரை அந்தத் தண்ணீர் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம். அந்த எண்ணை எங்கள் பக்கத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்தக் கல்யாண நாளைச் சித்தப்பாவுக்குச் சித்திதான் ஞாபகப்படுத்த வேண்டும். பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த வீடுகள் உண்டு, அவருக்குப் பொங்கல் வைக்கும் ஊர்களும் உண்டு.

“1886ல இந்த ஏரி நிலத்தை ராஜா நம்ம பக்கத்துக்குக் குத்தகை எழுதிக் குடுத்தாரு. எண்ணாயிரம் ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் அஞ்சு ரூபா. எத்தனை வருஷத்துக்கு? 999!” என்று ஆப்பத்தைப் பிய்த்தார். “தம்பி, எங்க ரூமு எப்ப காலி பண்ணணும்?”

“நாளைக்குக் காலையில சார்.”

“பாத்தியா?” என்று என்னைப் பார்த்தார், பத்திரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டதுபோல. ஏக்கர் அஞ்சு ரூபாய் என்றால் மொத்தம் வருஷத்துக்கு நாற்பதாயிரம். 1970இல் அதை ஏக்கருக்கு முப்பதாக உயர்த்தினார்கள் என்று நான் நடுவே சொல்லிப் பார்த்தேன். அவர் அதற்குள் எங்கள் அறை வாடகையில் எத்தனை ஏக்கர் வரும் என்று இலையோரத்தில் விரலால் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். விடையைப் பார்த்ததும் இன்னும் இரண்டு ஆப்பம் கேட்டார்.

அவியலில்தான் சண்டை முற்றியது. சித்தப்பா ஒரு முருங்கைக்காயை எடுத்து நெற்றிக்கு நேரே பிடித்து, ஆதார் அட்டை பார்ப்பது போலப் பார்த்தார்.

“இது எந்த ஊர்க் காய்?”

“கம்பம் சந்தை சார். புடலையும் அங்கேருந்துதான். விடிகாலையில லோடு ஏறி வரும்.”

சித்தப்பா சாய்ந்து உட்கார்ந்தார். உலகத்திலேயே அவ்வளவு திருப்தியான முகத்தை நான் திராட்சைக்கு விலை ஏறிய நாளில்கூடப் பார்த்ததில்லை. அதாவது, இந்த ஏரித் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்து, வயலில் பாய்ந்து, முருங்கையாகக் காய்த்து, லாரியில் மலையேறி, அதே ஏரிக்கரையில் தேங்காய் அரைத்துவிட்ட அவியலாக அவர் இலைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. “எங்க காயிதான்!” என்றார், மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படியாக.

“ஆமா சார், உங்க காய்தான்” என்றார் தம்பி, இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே. “தண்ணி கீழ போகும்போது ஏக்கர் கணக்கு. காயா மேல வரும்போது கிலோ கணக்கு. கிலோ என்ன விலைன்னு எங்க கிச்சன்ல கேளுங்க.”

சித்தப்பாவிடம் பதில் இல்லை. அவரைப் பேச்சில் மடக்க ஊரில் மூன்று தலைமுறையாக ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். குமுளியில் இருந்திருக்கிறார். சித்தி மட்டும் சிரித்துவிட்டு, இருந்த நல்ல மனநிலையில் அவியலுக்கு என்னென்ன எவ்வளவு என்று கேட்டுச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்ளாத குறையாக மனப்பாடம் செய்துகொண்டார். பாலடைப் பாயசம் வந்ததும் இரு மாநிலப் பேச்சுவார்த்தை தற்காலிகமாக ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி கேட்டு வாங்கினார்கள். சர்க்கரை அளவு பற்றி டாக்டர் சொன்னதை யாரும் எடுக்கவில்லை. அங்கே அளவு என்றால் அடிக்கணக்கு ஒன்றுதான்.

காலையில் கிளம்பும்போது விருந்தினர் கருத்துப் புத்தகத்தை நீட்டினார்கள். எழுத்து வேலை என்றால் வீட்டில் என்னிடம்தான் தள்ளுவார்கள். அன்றைக்குச் சித்தப்பா பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, பெயர், ஊர் எழுதினார். ஊருக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, “இருபோகம்” என்று சேர்த்தார். உணவு: மிக நன்று. பணியாளர்: மிக மிக நன்று, பேச்சு ஜாஸ்தி. அறை: காற்று வருகிறது. கடைசியாக, மேம்படுத்த வேண்டியவை என்று ஒரு கட்டம். 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடிவரை தேக்கலாம் என்றது. அணையின் முழு மட்டம் அதற்குப் பத்து அடி மேலே. சித்தப்பா ஏரியை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டம் நிறைய, கொட்டை எழுத்தில் எழுதினார்:

“152 அடி.”

தம்பி புத்தகத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார்.

“சார், இது அடுக்களைக்காரங்க கையில இல்லையே.”