மணியின் எலும்பும் மிளகின் வற்றலும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று நினைத்தாலே எனக்கு முதலில் காதில் கேட்பது கறிக்குழம்பு கொதிக்கும் சத்தம் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, ஆச்சி வெற்றிலைப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்து, தெருவே அடங்கிக் கிடக்கும் இரண்டு மணி வெயிலில் வேப்பமரத்தடியிலிருந்து வரும் 'கடக், கடக்' சத்தம்தான் கேட்கும். எங்கள் நாய் மணி எலும்பு கடித்துக்கொண்டிருப்பான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு மணி இருந்திருப்பான், ராமு என்றோ டைகர் என்றோ பெயர் மட்டும் மாறியிருக்கும், சத்தம் அதே சத்தம்தான்.

1979ல் எனக்குப் பத்து வயது. விடியும் முன்பே எழுப்பி, கையில் காசைத் திணித்து என்னைக் கறிக்கடைக்கு அனுப்புவார்கள். பாய் புளியங்கட்டையில் கறியைக் கொத்திப் பனையோலையில் பொதிந்து கட்டிவிட்டு, என்னோடு வந்து கடைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மணியை எட்டிப் பார்ப்பார். "தம்பி, அவனுக்கு ஒண்ணு வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு மூட்டு எலும்பைத் தூக்கிப் போடுவார். மணி அதை வாயில் பிடித்தபடி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, ஊரே பார்க்கட்டும் என்பது போல எனக்கு முன்னால் நடப்பான். அவனிடம் சிப்பிப்பாறை ரத்தம் கொஞ்சம் இருந்தது என்று அப்பா சொல்வார். நீண்ட முகமும் ஒட்டிய வயிறும் அதற்குச் சாட்சி. அந்த ஒரு எலும்பு அவனுக்கு நாள் முழுக்கப் போதும். கடித்துக் களைத்து, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, மறுநாள் மூக்கில் மண் ஒட்ட அதைத் தோண்டி எடுத்து வருவான்.

அது மட்டுமா? நுங்கு சீவிப் போட்ட கோந்தை, பனம்பழத்தைச் சப்பி நாங்கள் எறிந்த கொட்டை, தேங்காய் உரித்த மட்டை, எதையும் முன்னங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நார் நாராகப் பிரிப்பான். எல்லோர் தட்டிலும் மிஞ்சிய வெந்த எலும்புகளை ஆச்சி வழித்து, சின்ன வெங்காயம் மிதக்கும் குழம்போடும் சோற்றோடும் பிசைந்து அவனுடைய மண்சட்டியில் வைப்பாள். அவள் கையால் பிசைந்த சோற்றில் அன்புக்குக் குறைவே இருந்ததில்லை. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதோ, பச்சை எலும்பைவிட வெந்த எலும்பு எளிதில் சிம்புசிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதோ அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. தெருவில் ஏதாவது ஒரு நாய் தின்னாமல் சுருண்டு கிடந்து செத்தால் "விஷம் வச்சிட்டானுக" என்பார்கள். வேறு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. மாட்டாஸ்பத்திரி என்ற பெயரிலேயே மாடு இருந்ததால், அங்கே நாயைக் கூட்டிப்போகலாம் என்றும் தோன்றவில்லை.

இப்போது சென்னையில், மூன்றாவது மாடி வீட்டில், என் மகள் தெருவிலிருந்து தூக்கி வந்த மிளகு வளர்கிறாள். கறுப்பு நிறம், உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக வந்ததால் மிளகு. நாலாவது மாதத்தில் ஒருநாள் கூடத்தைக் கூட்டும்போது அரிசி மாதிரி ஒன்று விளக்குமாற்றில் பட்டது. எடுத்துப் பார்த்தால் பல்! நுனி ஊசியாக, அடிப்பக்கம் பொந்தாக, ஓரத்தில் துளி ரத்தம் காய்ந்திருந்தது. நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள், அவை நாலு மாதத்தில் விழத் தொடங்கி ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும் என்பதெல்லாம் எனக்கு 50 வயதுக்குமேல்தான் தெரிந்தது. ஈறு ஊறும் அந்த மாதங்களில் நாற்காலிக் கால், செருப்பு, செய்தித்தாள், சார்ஜர் ஒயர் எல்லாம் அவளுக்கு மருந்து. மணிக்கு இருந்த முருங்கை மரமும் மண்ணும் மட்டையும் இவளுக்கு இல்லையே, பாவம், எதைத்தான் கடிப்பாள்?

"அப்பா, கடிக்கிறதுக்குன்னே தனியா விக்கிறாங்கப்பா" என்று மகள் கூட்டிப்போனாள். கடையில் ஒரு சுவர் முழுக்க அதுதான். மாட்டுக் குளம்பு, மாட்டுக் காது, காளையின் குறியை உலர்த்தி முறுக்கிய குச்சி, முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் எலும்பு. எல்லாப் பாக்கெட்டிலும் பச்சை இலை படம் போட்டு 'இயற்கை' என்று எழுதியிருந்தது. அந்த வெள்ளை எலும்பைக் கையில் எடுத்தபோது எனக்கு வாணியம்பாடியும் ஆம்பூரும் ரயில் ஜன்னலில் வந்து போகும்போது அடிக்கும் தோல் பதனிடும் வாசம்தான் நினைவுக்கு வந்தது. எலும்பு வடிவத்தில் இருந்தாலும் அது மாட்டுத்தோலின் உள் அடுக்கு. சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, பெரும்பாலும் வெளுத்து, சுருட்டிக் காயவைப்பது. நாய் அதை மென்று கூழாக்கி விழுங்கினால் பரவாயில்லை. ஊறி வழுவழுப்பான துண்டைப் பிய்த்து அப்படியே விழுங்கிவிட்டால் அது தொண்டையில் அடைக்கலாம், வயிற்றில் உப்பிக் குடலை மறிக்கலாம். அதை வைத்துவிட்டு, நேபாளத்து மலைகளிலிருந்து வரும் பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கினோம். சுர்ப்பி என்று பெயர். யாக்கின் பாலையும் பசும்பாலையும் திரித்து, பிழிந்து, மாதக்கணக்கில் உலர்த்தியது. அந்த மலை மக்கள் தாங்களே ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மணிக்கணக்காக மென்றபடி நடப்பார்களாம். எங்கோ பனிமலையில் ஒரு இடையன் கன்னத்தில் இருக்க வேண்டியது மிளகின் வாய்க்கு வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் தடுப்பூசிக்குப் போன இடத்தில் கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். அவர் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் வழுக்கியது. "நகம் பதியலைன்னா குடுக்காதீங்க சார். குளம்பும் இப்படித்தான், பெரிய தொடை எலும்பும் இப்படித்தான். நம்ம பல்லைவிட இதுங்க பல்லுல மேல்பூச்சு மெல்லிசு" என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு எலும்பு வளையத்தை எடுத்துக் காட்டினார். வளையல் அளவு, ஒரு பக்கம் அறுபட்டிருந்தது. ஒரு நாயின் கீழ்த்தாடையில் கோரைப் பல்லைத் தாண்டி மாட்டிக்கொண்டு, மயக்க மருந்து கொடுத்து அறுத்து எடுத்ததாம். பாய் கத்தியால் கொத்திய காலத்தில் எலும்பு உடைந்துதான் வரும்; நல்லியை மின்சார வாளில் வட்டவட்டமாக அறுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த வளையம் வந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017ல் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பதப்படுத்திய எலும்புகளைப் பற்றி எச்சரித்தபோது, அதற்கு வந்திருந்த புகார்களில் சுமார் 90 நாய்கள் நோயுற்று, 15 நாய்கள் இறந்திருந்தன.

மருத்துவர் மிளகின் உதட்டைத் தூக்கி மேல்வரிசையில் பெரிய பல் முளைக்கப்போகும் இடத்தைக் காட்டினார். கடினமானதைக் கடிக்கும்போது பெரும்பாலும் அந்தப் பல்தான் பலகை மாதிரி பிளக்குமாம். "வலியை வெளியே காட்டாதுங்க. உள்ளே வேர்ல சீழ் கட்டி, இதோ இங்க, கண்ணுக்குக் கீழ வீங்கும். அப்பத்தான் பலருக்குத் தெரியும்" என்று தன் விரலை மிளகின் கண்ணுக்குக் கீழே வைத்தார்.

எனக்கு அதற்குமேல் அவர் சொன்னது காதில் விழவில்லை. மணிக்கு இடது கண்ணுக்குக் கீழே அதே இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. எவனோ கல்லால் அடித்துவிட்டான் என்று அப்பா சொன்னார், குளவி கொட்டியிருக்கும் என்றாள் ஆச்சி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினாள். நாலைந்து நாளில் அது தானாகவே உடைந்து வடிந்து ஆறியது. மறுபடி வீங்கியது. மறுபடி மஞ்சள். அந்த மாதங்களில் பாய் போட்ட எலும்பை அவன் வழக்கம்போல வாங்கிக்கொண்டுதான் வந்தான், ஆனால் தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகக் கடிப்பான். அது அவன் ஸ்டைல் என்று நான் பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டியிருக்கிறேன். அவன் வாயைத் திறந்து ஒருமுறை, ஒரே ஒருமுறை நான் பார்த்திருக்கலாம். நான் எது செய்தாலும் பொறுத்துக்கொள்கிறவன் அவன்.

அன்றிலிருந்து என் கட்டைவிரல் நகம்தான் எங்கள் வீட்டில் தராசு. நகம் பதிகிறதா, விழுங்கிவிடும் அளவுக்குச் சிறிதா, நான் பக்கத்தில் உட்கார நேரம் இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துத்தான் கொடுப்பது. ஈறு ஊறிய மாதங்களில் குளிரவைத்த முழு கேரட். பொந்துள்ள ரப்பர் பொம்மைக்குள் உப்பில்லாத தயிர்ச்சோற்றை அடைத்து உறையவைத்தால் நக்கி நக்கி ஒரு மணி நேரம் சொர்க்கத்தில் இருப்பாள். மக்காச்சோளக் கொண்டையும் மாங்கொட்டையும் குப்பைக் கூடையில்கூட அவளுக்கு எட்டக்கூடாது. இரண்டும் குடலில் போய் அடைத்துக்கொள்பவை. நாள் முழுக்கத் தின்பதில் பத்தில் ஒரு பங்குக்குமேல் இந்தக் கொறிப்பு போகாமல் மகள் கணக்கு வைத்திருக்கிறாள்.

போன சித்திரையில் மொட்டைமாடியில் ஒன்று செய்தேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீளவாக்கில், அரைவிரல் கனத்துக்குச் சீவி, ஆவியில் லேசாக வாட்டி, உப்போ காரமோ இல்லாமல் வெள்ளைத் துணியில் பரப்பினேன். ஆச்சி வடகமும் மோர்மிளகாயும் காயவைக்கும்போது காக்காய் விரட்டுவது மணியின் வேலை. துணியின் ஓரத்தில் நிழலுக்குக்கூட நகராமல் படுத்திருப்பான், ஒரு வற்றலைத் தொட்டதில்லை. மிளகு தன் வற்றலுக்குத் தானே காவல் என்று துணிமேலேயே படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவை தோல் வார் மாதிரி காய்ந்து வந்தன. நகத்தை வைத்து அழுத்தினேன், பதிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீடு உறங்கும் நேரம். அவள் ஒரு முனையைக் கடிக்க, நான் தரையில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்திருக்கிறேன். 'கடக்' என்ற சத்தம் இதில் வருவதில்லை, ஈரமாக ஒரு 'சவக், சவக்' மட்டும். துண்டு விரல் நுனி அளவுக்கு வந்ததும் அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கேரட் துண்டைக் கொடுக்கிறேன், மறுப்பில்லாமல் மாற்றிக்கொள்கிறாள். தின்று முடித்து என் மடியில் தலை வைத்ததும், இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்துத் தடவிப் பார்க்கிறேன். பிறகு வலது பக்கம். பிறகு, இன்னொரு முறை இடது பக்கம்.