பிடித்த ஆளை ஏன் விட்டீர்கள்?

நம் ஊரில் தியாகி வாரிசு என்று சொன்னால் அரசாங்கம் ஏதாவது கொடுக்கும். குறைந்தபட்சம் கொடுப்பதாகச் சொல்லும். அமெரிக்காவில் தியாகி வாரிசு என்று சொல்லிக்கொள்ள நாம்தான் சந்தா கட்ட வேண்டும். 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்று ஒரு பெண்கள் சங்கம், சுருக்கமாக டி.ஏ.ஆர்., 1890-இல் வாஷிங்டனில் தொடங்கியது. அந்நாட்டு விடுதலைப் போருக்கு உதவிய ஒருவரின் நேர் வம்சத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். வர்ஜீனியாவில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரிலும் அதற்கொரு கிளை உண்டு. கிளைத் தலைவி என் பக்கத்து வீட்டு அம்மாள். எண்பதை நெருங்குகிறவர். என்னை உறுப்பினராக்க முடியவில்லையே என்று அவருக்கு நெடுநாள் வருத்தம். ஆகவே வேலைக்கு மட்டும் சேர்த்துக்கொண்டார்.

உறுப்பினராவது லேசுப்பட்ட காரியமில்லை. நம் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியவர்கள் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஏறி இறங்கிய கதையை ஆயுசு முழுக்கச் சொல்வார்கள். இங்கே ஆறேழு தலைமுறைக்குக் காகிதம் காட்ட வேண்டும். பிறந்ததற்கு ஒன்று, கட்டிக்கொண்டதற்கு ஒன்று, செத்ததற்கு ஒன்று. எனக்கு என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரே ஓர் எழுத்து. தாத்தாவின் இனிஷியல்.

முன்னோர் துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. படைக்குச் சோளமோ மாடோ கொடுத்திருந்தாலும் போதும். வர்ஜீனியாவில் அப்படிக் கொடுத்தவர்களின் கணக்கு இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தலைவி அம்மாளின் முன்னோர் கொடுத்தது ஒரு மாடு. தர்மபுரியிலிருந்து வந்திருந்த என் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"ஒத்த மாட்டுக்கா இருநூத்தம்பது வருஷமாப் பேசுறாங்க? உங்க பெரியப்பன் நம்மகிட்ட ஓட்டிட்டுப் போன மாட்டுக்கு இன்னும் காசு வரல. அதை யாராவது எழுதி வெச்சாங்களா கண்ணு?"

சங்கத்தின் சின்னம் ராட்டை. பதின்மூன்று ஆரம், சுற்றிலும் பதின்மூன்று நட்சத்திரம். ஆதியில் இருந்த பதின்மூன்று காலனிகளுக்கு. தலைவி அம்மாளின் மார்பில் அதைப் பார்த்ததும் அம்மா அவரைக் காந்தி கட்சி என்று முடிவு கட்டிவிட்டார். நானும் திருத்தவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பாஷை இல்லாமலே நல்ல சிநேகம்.

சிநேகத்துக்குச் சோதனை வந்தது கல்லறையில்தான். புரட்சிக் காலத்து வீரர்களின் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்து அடையாளக் கல் வைப்பதும், பாசி படிந்த பழைய கற்களைக் கழுவுவதும் இந்தக் கிளைகள் ஊருக்கு ஊர் செய்கிற வேலை. அதற்கென்று சாஸ்திரம் இருக்கிறது. கல்லை முதலில் நனைக்க வேண்டும். நைலான் தூரிகைதான்; கம்பித் தூரிகை ஆகாது. பிளீச்சிங் கூடவே கூடாது. கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தேய்த்தால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கோடு விழும். நாங்கள் ஏழெட்டுப் பேர் மண்டியிட்டு ஒரு மணி நேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் குடையின்கீழ் நின்று பார்த்த அம்மா, "இத்தனூண்டு புளி இருந்தா நிமிஷத்துல பளபளன்னு ஆயிடுமே" என்றார். மொழிபெயர்த்தேன். பளிங்குக்கல்லில் புளிப்பு பட்டால் அரித்துவிடும் என்று தலைவி அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அதுகூடப் பரவாயில்லை. வேலை முடிந்ததும் அந்தப் பெண்மணிகள் கை கழுவிவிட்டு, மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, சாண்ட்விச்சும் எலுமிச்சை கேக்கும் எடுத்து வைத்தார்கள். அம்மா வெலவெலத்துப்போனார். "சுடுகாட்டுக்கு வந்துட்டுக் குளிக்காமக் கொள்ளாம கேக்கா?" இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்கு வந்து வாசலிலேயே என்னை நிறுத்தி, தோட்டத்துக் குழாயை எடுத்தார். அக்டோபர் மாதக் குளிர்.

கிளையின் பெரிய திருவிழா செப்டம்பரில். அமெரிக்க அரசியல் சாசனத்தில் கையெழுத்தான நாள் 1787 செப்டம்பர் 17. அன்றிலிருந்து ஒரு வாரத்தைச் சாசன வாரமாகக் கொண்டாட வேண்டும் என்று 1955-இல் நாடாளுமன்றத்திடம் கேட்டது இந்தச் சங்கம்தான். மறுவருஷம் அதிபர் ஐசனோவர் கையெழுத்துப் போட்டார். வருஷாவருஷம் செப்டம்பர் 17 சாயங்காலம் எல்லாரும் மணி அடிக்க வேண்டும். நான் பூஜை மணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புரட்டாசி முதல் தேதியில் மணி அடிக்கிற ஊர் நல்ல ஊர்தான் என்றார் அம்மா. பெரியார் பிறந்த நாளும் அதுவே என்று என் கணவர் காரை விட்டு இறங்கவில்லை.

இதே சங்கம் 1939-இல் வாஷிங்டனில் உள்ள தன் அரங்கத்தைக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தர மறுத்தது. அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் உறுப்பினர் பதவியைத் தூக்கியெறிந்தார். ஆண்டர்சன் லிங்கன் நினைவகத்தின் படிகளில் பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர். சங்கம் பிற்பாடு மன்னிப்புக் கேட்டது. கேட்டிருக்கவேண்டியதுதான். இன்று குடியுரிமை உறுதிமொழி எடுத்து வெளியே வருகிற எந்த நாட்டுக்காரர் கையிலும் சின்னக் கொடியைக் கொடுத்துச் சிரிப்பவர்கள் அவர்கள்தான். எனக்கும் கொடுத்தார்கள். நூறு கேள்வி படித்துவிட்டுப் போனவள் நான். பிறப்பாலேயே குடிமக்களான அவர்கள், பிரதிநிதிகள் சபையில் எத்தனை பேர் என்று சந்தேகம் வந்தால் இன்றைக்கும் என்னைத்தான் கேட்கிறார்கள். 435.

அந்த உரிமையில்தான் ஒரு மாதக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். புடவை கட்டுவது பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. நான் காரன்வாலிஸை எடுத்தேன். எங்கள் ஊரிலிருந்து காரில் போகும் தூரத்தில்தான் யார்க்டவுன். 1781-இல் அங்கே காரன்வாலிஸ் பிரபு வாஷிங்டனிடம் சரணடைந்தார். உடம்பு சரியில்லை என்று தான் வராமல் வாளை இன்னொருவரிடம் கொடுத்தனுப்பினார். அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கே முடிந்தது? 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவில் வந்து இறங்கினார். 1792-இல் திப்பு சுல்தானிடம் பாதி ராஜ்ஜியத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் எழுதி வாங்கினார். பணம் வரும்வரை திப்புவின் பிள்ளைகள் இருவர் பணயம். கம்பெனிக்குப் போன சீமைகளில் ஒன்று பாரமகால். எங்கள் தர்மபுரி அதில் அடக்கம். வரி கேட்டு அமெரிக்காவில் தோற்றவர்கள் எங்கள் ஊரில் வரி வாங்கி ஜெயித்தார்கள். இத்தனைக்கும் 1782-இல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பலுக்குத் திப்புவின் அப்பா ஹைதர் அலியின் பெயரை வைத்து, அதை வைத்தே பிரிட்டிஷ் கப்பல் ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட சிநேகிதர்கள் காரன்வாலிஸைப் பரோலில் விடலாமா?

"பிடித்த ஆளை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டேன்.

கூட்டம் தலைவி அம்மாளைப் பார்த்தது. அவர், தன் முன்னோர் மாடு மட்டும்தான் கொடுத்தார் என்றார். செயலாளர், விருந்தினரின் புகார் பெறப்பட்டது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

புகார் நியாயம்தானா என்று பார்க்க நினைக்கிறவர்கள் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். காரன்வாலிஸ் சிலையாக நிற்கிறார். பீடத்தில் திப்புவின் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.