பீக் இலக்கணம்

பாயிரம்

நுதலிய பொருள், வழங்கும் எல்லை, கேட்போர், பயன் என நான்கையும் முதலில் சொல்லிவிட்டே நூல் தொடங்க வேண்டும் என்பது நம் மரபு. இந்நூல் நுதலிய பொருள், மூலிகைச் சாற்றை ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பகுப்பு–நிறை நிறமாலை) கருவிக்குள் செலுத்தினால் காகிதத்தில் எழும் பீக்குகள். எல்லை, வடக்கே சதுரகிரி, தெற்கே ராஜபாளையத்து அய்யனார் கோவில் அருவி, நடுவே ஸ்ரீவில்லிபுத்தூரும் செண்பகத்தோப்பும். கேட்போர், கைடு கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஆராய்ச்சி மாணவர். பயன், செடியில் இல்லாததைச் செடியில் கண்டதாக எழுதாமல் இருத்தல்.

இவ்வெல்லைக்குள் மூலிகைக்குப் பஞ்சமில்லை. மலை 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. எந்த இலை எதற்கு ஆகும் என்பதை அங்குள்ள பளியர் பழங்குடியினர் சொல்வார்கள். ஆனால் மலைக்குள் செடி பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். குப்பைமேனியோ கல்லூரிக் காம்பவுண்டிலேயே முளைக்கிறது. ஆய்வுக்குரிய செடி எது என்பது பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

கருவி இயல்

இலையை நிழலில் உலர்த்தி, மிக்சியில் பொடித்து, சாக்ஸ்லெட்டில் எத்தனாலோ மெத்தனாலோ விட்டுச் சுண்ட இறக்குவர். சாக்ஸ்லெட் என்னும் ஜெர்மானியர் 1879-இல் இக்கருவியை அமைத்தது மூலிகைக்காக அன்று, பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்க. இதை வாசகர் மனத்தில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

கிடைத்த சாற்றை விரல்நுனி அளவு குப்பியில் அடைத்து, கருவி உள்ள ஊருக்கு அனுப்புவர். அங்கே ஒரு துளி சுமார் 250 டிகிரி வெப்பத்தில் ஆவியாகி, ஹீலியம் தள்ள, 30 மீட்டர் நீளமும் மயிரிழை உள்துளையும் கொண்ட சுருள்குழாயில் ஓடும். ஒவ்வொரு சேர்மமும் தனக்குரிய நேரத்தில் வெளியேறி, காகிதத்தில் ஒரு பீக்காக எழும். வெளியேறியதை 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலால் உடைத்து, துண்டுகளை நிறுத்து, அந்தத் துண்டுகளின் வரிசையை, அதாவது நிறமாலையை, அமெரிக்காவின் என்ஐஎஸ்டி லைப்ரரியோடு கணினி ஒப்பிடும். இதற்கு எது மிக நெருக்கம் என்பதே கணினிக்கு இடப்பட்ட கேள்வி. ஆகவே அது எப்போதும் ஒரு பெயர் சொல்லும். தெரியாது என்று சொல்லும் வழக்கம் அதற்கு இல்லை. இந்நூல் எழுந்ததற்குக் காரணம் அதுவே.

வகை இயல்

பீக் ஐவகைப்படும்: எங்குமுளார், வந்தேறியார், கரைப்பான் பெற்றார், மாயர், மெய்யர். ஆறாவதாக வாராதார் ஒருவர் உளர். அவர் வாராமையின் பீக் எனப்படார்.

எங்குமுளார்: எந்தச் செடியைப் போட்டாலும் வருவோர். தலைவர் என்-ஹெக்ஸாடெகனாயிக் அமிலம். பாமாயிலில் உள்ள பால்மிட்டிக் அமிலம்தான் அவர். ரிப்போர்ட்டில் முழுப்பெயரோடு வருவதால் அடையாளம் தெரிவதில்லை. அடுத்தவர் பைட்டால். இவர் பச்சையத்தின் வால். பச்சை இலை என்று இருந்தால் இவரும் இருப்பார்.

வந்தேறியார்: செடிக்கு வெளியிலிருந்து வந்தோர். நிறமாலையில் 149 என்னும் நிறை ஓங்கி நின்றால் தாலேட், அதாவது பிளாஸ்டிக் குழாயோ மூடியோ சாற்றில் கரைந்தது. 207-உம் 281-உம் சேர்ந்து நின்றால் சிலாக்ஸேன். கருவியின் சுருள்குழாய் தன் உள்பூச்சையே கசியவிட்டது. ஸ்குவாலின் மட்டும் இரு வீட்டார்க்கும் உறவு: செடியிலும் உண்டு, மனிதத் தோலின் எண்ணெயிலும் உண்டு. கையுறை இல்லாமல் குப்பியைத் தொட்டவர், தம் விரலையே மூலிகையாக ஆராய்ந்திருக்கவும் கூடும்.

கரைப்பான் பெற்றார்: மெத்தனாலில் கொதித்தால் கொழுப்பமிலம் மெத்தில் எஸ்டராகலாம், எத்தனாலில் எத்தில் எஸ்டராகலாம். ரிப்போர்ட்டில் எஸ்டரைக் கண்டதும், இலையில் இருந்ததா, சட்டியில் பிறந்ததா எனக் கேட்க வேண்டும்.

மாயர்: லைப்ரரியில் மட்டும் வாழ்வோர். மூன்று ஃபுளூரின் அணுக்களும் ஓர் அயோடினும் தாங்கிய பெயர் குப்பைமேனிக்கு வந்தால், அது செடியின் திறமை அன்று, கணினியின் தாராளம்.

மெய்யர்: ஆவியாகும் இயல்பால் இக்கருவிக்கே உரியோர். துளசியின் யூஜெனால் இதற்கு எடுத்துக்காட்டு. பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் என்பர். அவ்வூர்த் துளசியை ஆராய ஜிசி-எம்எஸ் தக்க கருவியே.

வாராதார்: நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு. டெங்குக் காலத்தில் அரசு நிலவேம்புக் குடிநீர் கொடுத்தபோது நாக்கில் நின்ற கசப்பு இதனுடையது. எளிதில் ஆவியாகாது, ஆதலால் இக்கருவியில் தலைகாட்டுவது அரிது. இதற்கு எச்பிஎல்சி என்னும் திரவ நிறப்பகுப்புக் கருவி வேண்டும். நிலவேம்பை ஜிசி-எம்எஸ்ஸில் மட்டும் போட்டவர், ஊரறிந்த கசப்பை விட்டுவிட்டுப் பால்மிட்டிக் அமிலத்தைக் கண்டுபிடிப்பர்.

தடை விடை

அற்றேல், ஒவ்வொரு சேர்மத்துக்கும் நேரே அதன் மருத்துவப் பயன் எழுதிய அட்டவணை ஆய்வேட்டில் உண்டே எனின், உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஜேம்ஸ் டியூக் தொகுத்த தரவுத்தளத்திலிருந்து பலர் எடுப்பது அது. பால்மிட்டிக் அமிலத்துக்கு நேரே ஆக்சிஜனேற்றத் தடுப்பி, நூற்புழுக்கொல்லி, பூச்சிக்கொல்லி, மசகு என்று நிற்கும். எவ்வளவு, யாருக்கு, எந்தச் சோதனையில் என்பதெல்லாம் ஆய்வேட்டுக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடும்.

இனி சாக்ஸ்லெட்டை நினைவுகூர்க. பால்கொழுப்பில் மிகுதியாக உள்ள கொழுப்பமிலம் அதே பால்மிட்டிக். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை இம்முறைப்படி ஆராய்ந்தால், அது நூற்புழுவைக் கொல்லும், பயிரைக் காக்கும், சைக்கிள் செயினுக்கும் ஆகும் என்று ஆய்வேடு முடியும். கடைக்காரர்கள் இதுவரை அப்படிப் பலகை வைக்கவில்லை. அறிவியல் நேர்மையில் அவர்களை முன்மாதிரியாகக் கொள்க.

உறுதி இயல்

அப்படியானால் மெய் எப்படித் தெளியும் எனின், தூய மாதிரிச் சேர்மத்தை வாங்கி அதே கருவியில் ஓட்டி நேரம் ஒத்துப் பார்த்தும், சாற்றைப் பிரித்துப் பிரித்து எந்தப் பகுதி நோய்க்கிருமியை அடக்குகிறது என்று பின்தொடர்ந்தும், இறுதியில் நின்றதைத் தனியாக்கி என்எம்ஆர் கருவியில் அமைப்பைக் கண்டும் தெளியும். சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி, நஞ்சறுப்பானின் டைலோஃபோரினுக்கு அமைப்பு கண்டு, அதைச் செயற்கையாகத் தொகுத்தும் காட்டினார். சீனத்தில் தூ யூயூ, பழைய மருத்துவ நூல் இலையைக் காய்ச்சச் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாறெடுத்தார். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் அந்த வழியில் வந்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. எல்லா இலையையும் சாக்ஸ்லெட்டில் கொதிக்கவிடுவோர் இவ்வெடுத்துக்காட்டை இருமுறை படிக்க.

புறனடை

இங்கே சொல்லாத பீக் ஏதேனும் எழுந்தால், இவ்வகைகளுள் ஏற்றதில் அடக்குக. ஒன்றிலும் அடங்காவிடின் ‘அடையாளம் காணப்படவில்லை’ என்று எழுதுக. அதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. லைப்ரரியோடு எழுபது விழுக்காடு மேட்ச் போதும் என்பாரும் உளர். அவர்கள் எழுபது விழுக்காடு ஒத்த கையெழுத்தோடு வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்துவந்து, பிறகு வாதிடுக.