நிற்பதற்கு ஏற்ற வண்டி எது?

கே: தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் போய் வருகிறேன். 100 சிசி போதுமா, 150 எடுக்கலாமா? – தாம்பரம்

ப: குரோம்பேட்டை பக்கம் நாலாவது கியர் போட்டது கடைசியாக எப்போது? காலை ஒன்பது மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி ஓட்டுவது என்றால், பாதி நேரம் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று அர்த்தம். ஸ்பிளெண்டரின் 97.2 சிசி எஞ்சின் தருவது ஏறக்குறைய 8 குதிரைத்திறன். பல்லாவரத்தில் அதையே முழுசாகச் செலவழிக்க வழியில்லை. முன்னால் நிற்கும் எம்டிசி பஸ்ஸை 150 சிசியாலும் நகர்த்த முடியாது. தனி ஆள் என்றால் 100 போதும். தினமும் பின்னால் ஒருவர் உட்காருவார், கத்திப்பாரா மேம்பாலமும் ஏறவேண்டும் என்றால் 125. அதற்கு மேல் போவது ஆசை. ஆசைக்குக் குறுக்கே நான் நிற்கமாட்டேன், பஸ் நிற்கும்.

கே: டாப் ஸ்பீடு எவ்வளவு இருக்கணும்? – அசோக் நகர்

ப: 50. சென்னைக்குள் டூவீலருக்குப் போலீஸ் வைத்திருக்கும் எல்லை அதுதான். காலை வேளையில் அதைத் தொட்டுவிட்டால் எந்த ரோடு என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: வேலைக்குச் சேர்ந்ததும் புல்லட் மாதிரி ஒரு வண்டி என்று சின்ன வயசுக் கனவு. கிளாசிக் 350 பார்த்து வைத்திருக்கிறேன். ஆபீஸ் ஓஎம்ஆரில். வாங்கலாமா சார்? – திருவான்மியூர்

ப: திருவொற்றியூரில் வளர்ந்து ஒரகடம்வரை தொழிற்சாலை போட்ட கம்பெனி. பாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் கணக்குப் போடுவோம். கிளாசிக் 350 எடை 195 கிலோ, ஸ்பிளெண்டர் சுமார் 112. மீதி 83 கிலோ, நன்றாகச் சாப்பிடும் ஒரு மச்சானைத் தினமும் ஆபீஸுக்கு ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். பெட்ரோலுக்குக் காசும் தரமாட்டார்.

ஓடும்போது அந்த எடை உறுத்தாது. 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கிடைப்பதால், இரண்டாவது கியரில் ஊர்ந்து போக அது நல்ல வண்டிதான். எடை தெரிவது ஓட்டாதபோது: அபார்ட்மென்ட் சாய்தளத்தில் பின்னுக்குத் தள்ளும்போது, ஆபீஸ் ஸ்டாண்டில் இரண்டு ஸ்கூட்டிக்கு நடுவிலிருந்து உருவும்போது. ஷோரூமில் டெஸ்ட் ரைடு அப்புறம் கேளுங்கள். முதலில், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். தள்ளிய பிறகும் முகத்தில் சிரிப்பு இருந்தால் வாங்குங்கள். ஹன்டர் 350 என்றால் 14 கிலோ குறையும். மச்சான் கொஞ்சம் இளைத்திருப்பார்.

கே: லிட்டருக்கு 70 என்று சொல்லி விற்றார்கள். எனக்கு 45 தாண்டவில்லை. ஏமாற்றா? – அம்பத்தூர்

ப: அந்தமாதிரி எண்கள் சோதனைக்கூடத்தில், உருளைமேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுப்பவை. அங்கே பாடி சிக்னல் கிடையாது, குறுக்கே ஷேர் ஆட்டோ வராது. டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி நீங்கள் போடும் கணக்குதான் உங்கள் மைலேஜ். டயர் காற்றைப் பாருங்கள். ஹாஃப் கிளட்ச்சிலேயே ஊர்வதை விடுங்கள், பெட்ரோலோடு கிளட்ச் பிளேட்டும் மிச்சம்.

அதைவிட முக்கியம், மைலேஜுக்காக எவ்வளவு கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது. மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 கொடுக்கும் வண்டிக்கு 12.5 லிட்டர், 45 கொடுக்கும் வண்டிக்கு 16.7 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வித்தியாசம் மாதம் 420 ரூபாய். அதற்காக 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் திரும்பி வர நாலு வருஷம். அதற்குள் உங்களுக்கு வேறு வண்டிமேல் கண் போயிருக்கும்.

கே: கணவர் ஸ்போர்ட்ஸ் பைக் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்சீட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. – மடிப்பாக்கம் வாசகி

ப: அது சீட் இல்லை அம்மா, ஒப்புக்கு வைத்த மெத்தை. அவர் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் ஏறி உட்கார்ந்து பார்க்கவேண்டும், புடவையோ சுடிதாரோ, வழக்கமாக என்ன உடுத்துவீர்களோ அதில். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இல் இருக்கின்றன. எனவே சாரி கார்டை யாராவது ‘எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்’ என்று பில்லில் சேர்த்தால், விதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கணவரிடமும் சொல்லலாம்.

கே: ஸ்கூட்டரா, பைக்கா? – கொளத்தூர்

ப: இடது கையைக் கேட்டால் ஸ்கூட்டர், முதுகெலும்பைக் கேட்டால் பைக். ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம், ஸ்பிளெண்டருக்கு 18. மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய ரோட்டில், பெரிய சக்கரம் ஏறிக் கடக்கும் பள்ளத்தில் சின்னது இறங்கிப் பார்க்கும். ரோடு ஓரளவு சமம், வழியெல்லாம் நெரிசல் என்றால் மட்டும் கிளட்ச் இல்லாத வண்டிக்கு என் ஓட்டு.

கே: ஏபிஎஸ் அவசியமா? – முகப்பேர்

ப: 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம், அதுவரையுள்ளதில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று விதி வந்தது. 125-க்குள் வாங்கினால் முன்னால் டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பாருங்கள். ஐப்பசி மழையில் ரோட்டில் பரப்பிய இரும்புத் தகட்டின்மேல் பிரேக் அடிக்கும்போது நன்றி சொல்வீர்கள். அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

கே: மழைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால்? – வேளச்சேரி

ப: செல்ஃபைத் தொடாதீர்கள். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர், காற்று மாதிரி அமுங்கிக் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளையும், பிறகு செலவு ஆயிரத்தில் நிற்காது. இறங்கித் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். 112 கிலோவா 195 கிலோவா என்பது அன்றைக்குத்தான் புரியும். திருவான்மியூர்க்காரர் கவனிக்க.

கே: நல்ல கண்டிஷனில் ஆர்எக்ஸ் 100 வருகிறது. தினசரிக்கு ஆகுமா? – ராயபுரம்

ப: 1996-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வாங்குங்கள், கையோடு புதுப்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடும் பாருங்கள். ஸ்பேருக்கு நடந்தே போய் வரலாம்.

கே: என்ன கலர் எடுக்கலாம்? – நங்கநல்லூர்

ப: கறுப்பு வேண்டாம். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் இரவு எட்டு மணிக்குக் கறுப்பு வண்டிகளாக வரிசை கட்டி நிற்கும். அடுத்தவன் வண்டியில் உங்கள் சாவி நுழையவில்லை என்று திருகிக்கொண்டிருக்கும்போதுதான் வண்டிக்காரன் வருவான்.