புரட்டாசித் திகைப்பு: பின்வளவுக் குளத்துக் கோய்க் குஞ்சுகள் குறித்த ஆராய்ச்சி

ரொறன்ரோவிலும் அதன் சுற்றூர்களிலும் பின்வளவில் குளம் வெட்டிக் கோய் மீன் வளர்ப்போரிடையே புரட்டாசி மாதத்தில் ஒரு நோய் தலைகாட்டுகிறது. மருத்துவ நூல்கள் இதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன. மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியதும், வாடிய அல்லித் தண்டுகளை நறுக்கி, உதிரும் இலைகளைத் தடுக்க வலை கட்டுவதற்காக வீட்டுக்காரர் குளத்தங்கரையில் குனிகிறார். ஐந்து மீன் இருக்க வேண்டிய நீரில் ஐம்பது ஓடுகின்றன. அவற்றில் நாற்பத்தைந்து விரல் நீளம். அந்தக் கணத்திலிருந்து குளம் உறையும்வரை அவரைப் பீடித்திருக்கும் நிலைக்கு இவ்வாய்வு ‘புரட்டாசித் திகைப்பு’ என்று பெயரிடுகிறது. பல தமிழ் வீடுகளின் அடுக்களையில் மீன் நுழையாத மாதத்தில் பின்வளவில் மட்டும் மீன் பெருகியிருப்பது தற்செயலே. வேறு காரணம் கற்பிப்போருடன் இக்கட்டுரை வாதாடாது. அது வாதிடுவது ஒன்றே ஒன்றுக்காக: இந்தக் குஞ்சுகளுக்குக் கனடாக் குளிரால் வரும் ஆபத்தைவிட, காப்பாற்றக் கிளம்பும் வீட்டுக்காரரால் வரும் ஆபத்தே பெரிது.

திகைப்புக்கு முதலில் ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். கோய் தனி இனமன்று. ஜப்பானின் நீகாத்தா மலையூர்களில் நெல் விவசாயிகள் உணவுக்கென்று வளர்த்த சாதாரணக் கெண்டைகளுக்குள் நிறம் மாறிப் பிறந்தவற்றை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொறுக்கி இனப்பெருக்கம் செய்ததில் வந்தது அது. 1914இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு அதன் மதிப்பு உயர்ந்ததே தவிர, குணம் மாறவில்லை. தண்ணீர் 18, 20 பாகை செல்சியசைத் தொட்டதும் கெண்டை முட்டையிடும், கோயும் இடும். பெண் மீனின் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டை என்பது கணக்கு. ஆனி மாதத்து விடியற்காலையில் ஆண் மீன்கள் பெண் மீனை விரட்டி விரட்டி இடிக்க, குளம் நுரைத்ததை வீட்டுக்காரர் பார்த்திருப்பார். மீன்கள் சண்டை பிடிக்கின்றன என்று கவலையும் பட்டிருப்பார். செடிகளில் ஒட்டிய முட்டைகளைப் பெற்றோரே தின்றுதீர்க்கும். தப்பியவை சில நாளில் பொரிக்கும். கரிய, மெலிந்த குஞ்சுகள் பாசிக்குள் கோடை முழுவதும் கண்ணில் படாமல் கிடக்கும். மூன்று கிலோ எடையுள்ள ஒரு தாய்க்கு மூன்று லட்சம் முட்டை என்றால், நாற்பத்தைந்து பிழைத்தது பெருக்கமே அன்று. ஏறக்குறைய முழு அழிவு. குளத்தின் தேர்வில் ஏற்கெனவே தேறியவற்றை, தேர்வே நடக்காதது போல நாம் மீட்க நினைக்கிறோம்.

மீட்பர் கையாளும் கருவிகளில் தலையாயது தீனிப் பை. குளிருக்கு முன் கொஞ்சம் சதை பிடிக்கட்டும் என்று ஐப்பசியில் அள்ளி வீசுவது தாயுள்ளத்துக்கு நியாயமாகப் படுகிறது. மீனின் உடற்கூறு அதற்கு உடன்படுவதில்லை. கெண்டைக்கு இரைப்பையே கிடையாது; தின்றது நேரே குடலுக்குப் போகும்; குடல் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைத் தண்ணீரின் வெப்பம் முடிவு செய்கிறது. 15 பாகைக்குக் கீழே கோதுமை முளை கலந்த எளிய தீனி, 10 பாகைக்குக் கீழே ஒன்றுமே வேண்டாம் என்பது வளர்ப்போரின் பொதுவிதி. அதை மீறிப் போடுவது அழுகி அமோனியாவாகும். அதைச் சுத்திகரிக்க வேண்டிய வடிகட்டிப் பாக்டீரியாக்களும் அதே குளிரில் சோம்பிக் கிடக்கும். அடுத்த கருவி பேஸ்மென்ட். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, குழாய்த் தண்ணீர், வாளி நிறையக் குஞ்சு: ஒரு மாலைப் பொழுதில் மீட்பு முடிந்துவிடும், பெரும்பாலும் குஞ்சுகளும் முடிந்துவிடும். ரொறன்ரோ குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். ஓர் இரவு பிடித்துவைத்தால் மருந்து வாசனை போய்விடும் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த ஞானம் குளோரினுக்குச் சரி, இதற்குப் பலிக்காது. முறிக்கும் கரைசல் கலந்தே ஆகவேண்டும். புதுத் தொட்டி வடிகட்டியில் பாக்டீரியா குடியேறப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை குஞ்சுகள் தம் கழிவிலேயே நீந்தும். கடைசிக் கருவி, மார்கழியில் எடுக்கப்படும் சுத்தியல். மேலே பனிக்கட்டி மூடிவிட்டால் அடியில் அழுகும் இலைகளின் வாயு வெளியேற வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டியை அடித்து உடைக்கும் அதிர்ச்சி தண்ணீருக்குள் அப்படியே பரவி மீனைத் தாக்கும். குளம் உறையுமுன்னே ஒரு சிறு மிதவைச் சூடாக்கியையோ காற்றுப் பம்பையோ வைத்திருந்தால் ஒரு துளை தானாகவே திறந்திருக்கும். பம்பின் குமிழிக் கல்லை அடியில் போடாமல் மேல்மட்டத்தில் தொங்கவிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் 4 பாகையில்தான் அதிகக் கனமாக இருக்கும். ஆகவே மேலே உறைந்தாலும் அடியில் அந்த 4 பாகைப் படுக்கை தங்கியிருக்கும். மீன்கள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் அந்தப் படுக்கையை அடியிலிருந்து குமிழிகள் விட்டுக் கலக்குவது, போர்வையை உருவிக்கொண்டு காற்று வீசுவதாகும்.

அற்றேல், சிறு குஞ்சுகள் குளிர்காலத்தில் பெரிய மீன்களைவிட அதிகமாகச் சாகின்றனவே, அது வீட்டுக்காரர் குற்றமா எனின், அன்று. உடல் சிறுக்கச் சிறுக்க, ஒரு கிராம் சதைக்கு எரியும் ஆற்றல் கூடுகிறது, சேமித்த கொழுப்போ குறைவு. கார்த்திகை தொடங்கிப் பங்குனி தாண்டும்வரை நீளும் உண்ணாநோன்பில் முதலில் தோற்பது சிறிய உடம்பே. இந்த எதிர்வாதம் வலுவானது. ஆனால் அது இடிப்பது இவ்வாய்வின் முடிவை அன்று, நம் நாள்காட்டியை. உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டிய காலம் ஆடியும் ஆவணியும். அப்போது தண்ணீர் சூடாக இருக்கும், குடலும் ஓடும். அப்போது யாரும் குனிந்து பார்க்கவில்லை. புரட்டாசியில் செய்யக்கூடியது தரம் பிரிப்பதுதான். இரண்டு, மூன்று அங்குலம் வளர்ந்து உடம்பும் பிடித்தவற்றை நாலடி ஆழமுள்ள குளத்திலேயே விட்டுவிடலாம். குளிர் இந்த இனத்துக்குப் புதிதல்ல. இலங்கையிலிருந்து 1939இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட கண்ணாடிக் கெண்டையும் இதே இனம்தான். மலைக்குளிருக்கு ஏற்றது என்றுதான் அதை அங்கே விட்டார்கள். ஊசிபோல் மெலிந்தவற்றுக்குத்தான் பேஸ்மென்ட். அதற்கும், குளத்து வடிகட்டியிலிருந்து ஒரு துண்டு நுரைப்பஞ்சை முன்கூட்டியே தொட்டிக்கு மாற்றி, குளத்துத் தண்ணீரையே பாதிக்குப் பாதி கலந்து, வெப்பம் சமமான பிறகே மீனை மாற்ற வேண்டும்.

இயற்கையிடமே விட்டுவிடுவோம் என்பார் ஒரு சாரார். பி.வி.சி. விரிப்பும் மின்பம்பும் உள்ள குழியில் இயற்கை எங்கே இருக்கிறது என்று அவர்கள் முதலில் காட்டட்டும். இன்னொரு சாராரின் யோசனை ஆபத்தானது: பக்கத்து ஓடையில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். பிழைக்கும், அதுதான் தொல்லையே. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் சாதாரணக் கெண்டையும் உண்டு. ஹமில்டனிலுள்ள கூட்ஸ் பாரடைஸ் சதுப்பில் அடிச்சேற்றைக் கிளறி நீர்ச்செடிகளைக் கெண்டைகள் பிடுங்கியெறிந்ததால், 1990களில் அங்கே ஒரு கம்பித் தடுப்பும் மீன்வழியும் கட்டப்பட்டன. கூடையில் சிக்கும் மீன்களை ஆட்கள் கையால் பிரித்து, உள்ளூர் இனங்களைச் சதுப்புக்குள் அனுமதித்து, கெண்டைகளைத் துறைமுகப் பக்கமே திருப்பி அனுப்புகிறார்கள். விரல் நீளக் குஞ்சோ அந்தக் கம்பிகளின் இடைவெளியில் சுலபமாகப் புகுந்துவிடும். அனுமதியின்றி எந்த உயிர்மீனையும் ஒன்ராறியோ நீர்நிலைகளில் விடுவது சட்டப்படி குற்றம். புண்ணியம் என்ற வாதம் அங்கே செல்லாது.

எஞ்சுவது எண்ணிக்கை. வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. இரண்டடி வரை வளர்ந்து பல பத்தாண்டுகள் வாழும் மீன் இது. ஐயாயிரம் லிட்டர்க் குளத்தில் ஐந்து வளர்ந்த மீன்கள் ஏற்கெனவே இருந்தால் கழித்தல் கணக்கின் விடை பூச்சியம். நீகாத்தா வளர்ப்போர் இந்தக் கணக்கை முகத்துக்கு நேரே பார்க்கிறவர்கள். நல்ல தாய் தந்தைக்குப் பிறந்தவற்றிலும் பெரும்பாலானவை கோணல் நிறமும் மங்கல் நிறமுமாக வருவதால், கோடை முழுவதும் பலமுறை பொறுக்கித் தள்ளி மிகச் சிலவற்றையே வைத்துக்கொள்வார்கள். அவற்றைப் பனிக்கு முன் சேற்றுக்குளத்திலிருந்து எடுத்துக் கூரைக்குள் மாற்றுவார்கள். நம் பின்வளவுக் குஞ்சுகளில் பெரும்பகுதி சேற்று நிறத்தில்தான் இருக்கும். அழகில்லை என்பதால் அவற்றின் பசி குறைவதில்லை. ஒரு வாதம் மட்டும் இவ்வாய்வைத் தடுமாறச் செய்கிறது: குழந்தைகள் பெயர் வைத்துவிட்டார்கள் என்பது. பெயர் வைத்த மீனைக் கழித்தல் கணக்கில் சேர்க்கும் முறையை எந்த நூலும் கற்பிக்கவில்லை. ஆகவே எண்ணிக்கையைப் பெரியவர்கள் முதலில் முடிக்க வேண்டும், பெயர் சூட்டும் விழா பிறகு நடக்கட்டும். மிகுதியைக் குளம் வெறுமையாகக் கிடக்கும் நண்பர்களுக்கு, அவர்கள் மறுக்கத் துணியுமுன், புரட்டாசிக்குள்ளேயே வாளியில் கொடுத்துவிடலாம். வாங்குபவர் அவற்றைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்து நோயில்லை என்று பார்த்த பிறகே தம் மீன்களோடு சேர்க்க வேண்டும்.

கடைசியாக வாசகருக்கு ஒரு வேண்டுகோள். இன்றே மிதக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக் குளத்தில் போடுங்கள். அது 10 பாகைக்குக் கீழே இறங்கியதும் தீனிப் பையை, சித்திரைக்கு முன் திருப்பித் தரமாட்டேன் என்று சத்தியம் செய்யக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவையுங்கள்.