தொலைவில் இருப்பது நாங்கள்தானே, ஐயா!

பெறுநர்:
தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, பகதூர் ஷா ஜாஃபர் மார்க், புது தில்லி.

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடைக்காரர், புதிய பேருந்து நிலையம் பக்கம், பெரம்பலூர்.

பொருள்: மனசைத் தொலைவிலிருந்து படிக்கக் கூடாது என்று தாங்கள் அறிவித்ததற்குப் பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கல்வியாளன் இல்லை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம், எல்லாம் ஒரே கடை. ஆனாலும் தங்கள் சுற்றறிக்கைகளை முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படிக்கும் வெகு சிலரில் நானும் ஒருவன். பிரிண்ட் பக்கத்துக்கு 2 ரூபாய். நீங்கள் ஒன்றை அறிவித்து, அதையே திருத்தி இன்னொன்றை அறிவித்தால் எனக்கு 4 ரூபாய். இந்த வகையில் உளவியல் படிப்பு என் குடும்பத்துக்குச் செய்திருக்கும் உதவி கொஞ்சநஞ்சமல்ல. அந்த நன்றிக்காகத்தான் இந்தக் கடிதம்.

2025 ஆகஸ்டில் தங்கள் அறிவிப்பு வந்தது. அந்த ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ யாரும் நடத்தக் கூடாது. பி.ஏ.வில் ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் என்று பல பாடங்கள் இருந்தால் அவை இருக்கட்டும், உளவியலை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றீர்கள். பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு ஒருத்தரை மட்டும் தோளைத் தொட்டு எழுப்புவோமே, அது மாதிரி.

காரணம் இல்லாமல் இல்லை. 2021இல் வந்த துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் உளவியலாளரும் ஒரு சுகாதாரத் தொழிலர். அப்படி ஒருவர் ஆக 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பு வேண்டும். புத்தகத்தைத் தபாலில் வாங்கிப் படித்துவிட்டு அடுத்தவர் மனசைப் பிரித்துப் பார்க்க யாரையும் விடக் கூடாதுதான். மூன்று மாதச் சான்றிதழோடு வந்து, “அண்ணே, நல்ல தடிமனா லேமினேட் பண்ணுங்க, ஆலோசனை மையம் தொடங்குறேன்” என்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். தடிமனாகவே பண்ணிக்கொடுத்தேன். என் பாவத்தில் அதுவும் ஒன்று.

ஆனால் ஐயா, என் கடையில் தொலைநிலை உளவியலுக்கு விண்ணப்பம் போட்டவர்கள் அந்த ரகமில்லை. ஒரு அங்கன்வாடி அக்கா. ஒரு தனியார் பள்ளி டீச்சர். இரவுப் பணி முடித்துச் சீருடையோடு வந்த ஒரு போலீஸ்காரர். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி டிரைவரின் மனைவி, அரியலூர்ப் பக்கம். நாலு வயதாகியும் பிள்ளை பேசவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சாமி சொன்னார்கள். “அது என்னன்னு எனக்கே தெரியணும்ணே” என்றுதான் அந்தம்மா சேர்ந்தது. கிளினிக் வைக்கவோ பெயருக்கு முன்னால் ஏதாவது போட்டுக்கொள்ளவோ இல்லை. தன் வீட்டில் நடப்பதற்குப் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு பட்டம். இதற்கு 3,600 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் சுண்ணாம்புக்கல்லை யார் ஏற்றுவது, பிள்ளையை யார் பார்ப்பது?

நேரடியாகக் கல்லூரிக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் உளவியல் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 270 கிலோமீட்டர். ரயிலேறிப் போய்விடலாம் என்றால் பெரம்பலூர் ரயில் வராத மாவட்டத் தலைநகர். பஸ் பிடித்து அரியலூர் போய்த்தான் ரயிலையே பார்க்க வேண்டும். தொலைநிலைக் கல்வி கெட்டது என்கிறீர்கள். தொலைநிலையில் இருப்பது கல்வியா, நாங்களா என்பதுதான் என் சின்னச் சந்தேகம்.

எங்களுக்கும் மனநலத்துக்கும் உள்ள தூரம் இன்று நேற்று வந்ததல்ல. 1996இல் மாவட்ட மனநலத் திட்டத்தை நாட்டில் முதன்முதலாக நாலு மாவட்டங்களில் தொடங்கினார்கள். அதில் ஒன்று திருச்சி. அதற்கு முந்தைய வருடம்தான் நாங்கள் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் என்று தனிக்குடித்தனம் வந்திருந்தோம். பாகப்பிரிவினையில் மனசு அண்ணன் வீட்டோடு போய்விட்டது. பிறகு எங்களுக்கும் திட்டம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 2023–24 பொருளாதார ஆய்வறிக்கை, நாட்டில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்து மக்கள்தொகை 5,65,223. பெருக்கிப் பார்த்தால் எங்கள் பங்கு நாலேகால் டாக்டர். அந்தக் கால் டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுச் சொன்னால் கடை வாசலில் எழுதி ஒட்டிவிடுவேன். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனும் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நடை திறக்கிறாள். ஆனால் அந்த இரண்டு நாளும் இருப்பாள். பாதி ஜனம் அங்கே போய் அழுதுவிட்டு வருவதில் என்ன ஆச்சரியம்?

மீதிப் பேருக்குத் தொலைபேசியில் மனநல ஆலோசனை. 104 இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ், 14416. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆக, ஆலோசனை தொலைவிலிருந்து வரலாம். ஆலோசனை சொல்பவர் தொலைவிலிருந்து படித்து வரக் கூடாது. இந்த நுணுக்கம் என் மண்டைக்கு எட்ட ஒரு வாரம் ஆயிற்று.

இந்த ஒரு பத்தியில் மட்டும் கிண்டல் வேண்டாம். அரியலூர் மாவட்டம் குழுமூர். பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அனிதா உயிரை மாய்த்துக்கொண்ட நாள், 2017 செப்டம்பர் 1. அந்தத் தேதிக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு நீட் முடிவு நாளிலும் பெற்றோர்கள் பிள்ளைகளைத் தனியே விடுவதில்லை. என் கடையிலேயே மதிப்பெண் பார்க்க வரும் பிள்ளைக்குப் பின்னால் அப்பா நிற்பார், திரையைப் பார்க்க மாட்டார், பிள்ளையின் முகத்தையே பார்ப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஊர்ப் பேச்சில் பேச ஒரு ஆள் வேண்டும். அது தொலைபேசியில் நடக்கிற காரியமில்லை.

சரி, அப்படி ஒரு ஆள் உருவாக வேண்டிய எம்.ஃபில் கதைக்கு வருவோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்பதற்கு எம்.ஃபில்லையும் ஒரு தகுதியாகச் சொல்கிறது. தாங்கள் 2022இல் எம்.ஃபில்லையே எடுத்துவிட்டீர்கள். 2023 டிசம்பர் 27 அன்று, அது அங்கீகாரம் பெற்ற பட்டமே இல்லை, யாரும் சேராதீர்கள் என்று எச்சரித்தீர்கள். பொங்கல் சர்க்கரை காலியாவதற்குள், மருத்துவ உளவியல் எம்.ஃபில்லும் மனநல சமூகப்பணி எம்.ஃபில்லும் 2025–26 வரை செல்லும் என்றீர்கள். வாடிக்கையாளர்கள் திகைத்துப் போனார்கள். எனக்குத் திகைப்பில்லை. அரியலூர் மாவட்டம் 2001 ஜனவரியில் பிறந்து, 2002 மார்ச்சில் திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி பிறந்தது. லெட்டர்பேடை மூன்று முறை மாற்றிய ஊர்க்காரர்கள் நாங்கள். இருப்பது இல்லாமல் போவதும், இல்லாதது திரும்ப வருவதும் எங்களுக்குப் பழக்கம். ஆனால் பி.எஸ்சி. உளவியல் மூன்றாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு இருபது வயது. அதற்கு ஏது அவ்வளவு பழக்கம்?

பட்டம் முடித்தவர்களும் கடைக்கு வருகிறார்கள். மூன்று வருடம் படித்தவரை யாரும் உளவியலாளர் என்று சொல்வதில்லை. முதுகலையும் முடித்தால்? மருத்துவ உளவியலாளர் என்று சொல்ல அதுவும் போதாது. வீட்டில் அப்பா, “டாக்டரும் இல்ல, டீச்சரும் இல்ல, அப்ப நீ யாருப்பா?” என்கிறார். கடைசியில் எல்லோரும் குரூப் 4 விண்ணப்பத்துக்கு என்னிடம்தான் வருகிறார்கள். அதில் திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் என்று 25 கேள்வி உண்டு. மனசுக்கும் அரசு வேலைக்கும் இங்கே இருக்கிற ஒரே சம்பந்தம் அந்த 25 கேள்விதான். அதிலும் கூட்டுவட்டிதான் கேட்கிறார்கள்.

கோரிக்கை என்று ஒன்று இருந்தால்தான் மனு ஆகும் என்பார்கள். அதனால் கேட்கிறேன். வகுப்பறை கட்டாயம் என்று எழுதிய கையோடு, பெரம்பலூர், அரியலூர் அரசுக் கல்லூரிகளில் மாலையில் ஒரு வகுப்பு நடக்க வழி செய்து, வாரக் கடைசியில் மாவட்ட மருத்துவமனையில் பயிற்சியும் வைத்துவிடுங்கள். முதலில் பாலம், அப்புறம் பரிசலுக்குத் தடை. வெள்ளாற்றங்கரை ஆட்கள் இந்த வரிசையில்தான் யோசிப்போம்.

சென்ற சேர்க்கையில் ஒரு பெண் வந்தது. அம்மா செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அறுக்கப் போகிறவர். உளவியல் வேண்டும் என்றது. பட்டியலைத் திறந்து காட்டினேன். அரசியல் அறிவியல் இருந்தது, அதற்கு அடுத்து இருந்த உளவியலைக் காணோம். தங்கள் அறிவிப்பை ஒரு பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே முழுதும் படித்தது. “அப்ப அதுக்கடுத்து என்னண்ணே இருக்கு?” என்றது. ஆங்கில அகரவரிசையில் அடுத்து வருவது பொது நிர்வாகம். அதையே சொடுக்கச் சொல்லிவிட்டது. இப்போது முதலாம் ஆண்டு. சுற்றறிக்கை எப்படி எழுதுவது என்று பாடம் இருக்கிறதாம். புத்தகம் தபாலில் வந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஜெராக்ஸ் கடைக்காரன்.

பி.கு.: அந்தப் பெண்ணிடம் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. 2 ரூபாய் தங்கள் கணக்கில் எழுதியிருக்கிறேன்.